கடை வாடகை ஒரேயடியாக ஏறுகிறது, விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

குழுவில் உள்ள அண்ணன், அக்கா எல்லாருக்கும் வணக்கம். தருமபுரி பென்னாகரம் ரோட்டில் மிக்ஸி, குக்கர், கேஸ் அடுப்பு ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். மாதம் 6,500 கொடுத்துவந்த இடத்துக்கு, தை முதல் 11,000 வேண்டுமாம். அப்புறம் அட்வான்ஸில் இன்னும் ஒரு லட்சம். முடியாது என்றால் காலி செய்யச் சொல்கிறார் உரிமையாளர். பக்கத்தில் செல்போன் ஷோரூம் வந்ததிலிருந்து இந்த வரிசைக்கே இதுதான் ரேட். குக்கருக்கு கேஸ்கட் மாற்றினால் கையில் நிற்பது இருபதோ முப்பதோ. அதில் எங்கே போய் 11,000 எடுப்பது?

இதுவரை எல்லாம் வாய்ப்பேச்சுதான். 2019-இல் அமலுக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுதி வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும்; எழுத்தில் ஒப்பந்தம் இல்லாததையே காரணமாக வைத்துக் காலி செய்ய மனு போடலாம். அதனால்தான் வீம்பு பிடிக்கத் தயங்குகிறேன்.

இங்கே யாராவது கடைக்கு ஒப்பந்தம் பதிந்திருந்தால், உரிமையாளரை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள் என்று சொல்லுங்கள். அது சரிவராவிட்டால், நெசவாளர் காலனி, குமாரசாமிப்பேட்டை பக்கம் 7,500-க்குள் சின்னக் கடை இருந்தாலும் தெரிவியுங்கள். ஷட்டரும் தனி மீட்டரும் போதும். உள்சந்து என்றாலும் பரவாயில்லை, அடுப்பு எரியாதவர்கள் தேடி வந்துவிடுவார்கள்.