மரப்பெட்டியில் மைக்கோட்டின் மேல் எண்ணெய் வண்ணம்: கோடு கலங்காமல் இருக்க என்ன வழி?

கேள்வி – இழைக்கோடு

வணக்கம். மூடியுள்ள மரப்பெட்டி ஒன்றின் மேல் பேனா மையால் கொடிகளையும் பறவைகளையும் வரைந்து, கோடுகள் மறையாதபடி எண்ணெய் வண்ணத்தை மெல்லியதாகப் பூச விரும்புகிறேன். அதே வகை மரத்துண்டில் முதலில் சோதித்துப் பார்த்தேன். வெறும் மரத்தில் வரைந்த கோடு நார் வழியே ஓடிச் சிலந்திக்கால் போலக் கிளைத்துவிடுகிறது. அக்ரிலிக் பூசிய பகுதியில் கோடு கூர்மையாக விழுகிறது. ஆனால் தின்னர் கலந்த எண்ணெய் வண்ணத்தைத் தடவியதும் கறுப்பு கலங்கி, நிறத்தை அழுக்காக்குகிறது. பழைய தகரக் குவளை ஒன்றையும் இதே முறையில் அலங்கரிக்க எண்ணியுள்ளேன். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி – கருமசி

முதல் சிக்கலுக்கு மரத்தின் நுண்துளைகளே காரணம். அவற்றை அடைக்காமல் எவ்வளவு நல்ல மையைப் பயன்படுத்தினாலும் கோடு பரவத்தான் செய்யும். மரத்தை இழைத்து, துளைகளை அடைக்கும் சீலர் ஒரு பூச்சு கொடுத்து, அது காய்ந்தபின் 400 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் தூசியை ஈரத்துணியால் முழுவதும் துடைத்துவிடுங்கள். தூசி எஞ்சினால் பேனாவின் முனை அடைத்துக்கொள்ளும்.

இரண்டாவது சிக்கலுக்கு இரு காரணங்கள் இருக்கலாம். எது என்று தெரியாமல் மருந்து தேடுவதில் பயனில்லை. சோதனைத் துண்டில் சில கோடுகள் வரைந்து, ஒரு நாள் காயவிட்டு, தின்னரில் நனைத்த பஞ்சை அழுத்தாமல் ஒற்றிப் பாருங்கள். ஒற்றியவுடனே கறுப்பு வந்தால், மை அந்தக் கரைப்பானில் கரையும் சாயமை. கார்பன் நிறமி கலந்த, நீரில் கரையாத வரைமைக்கு மாறிவிடுங்கள். அழுத்தித் தேய்த்தால் மட்டுமே பெயர்கிறது என்றால் மையில் குறையில்லை, அடித்தளம் வழவழப்பாக இருப்பதால் அது பற்றிக்கொள்ளவில்லை. பளபளப்பில்லாத மேட் பூச்சுக்கு மாறினால் இது சரியாகும். வரைந்து முடித்தபின், வண்ணத்திற்கு முன்பாக, மேட் அக்ரிலிக் ஸ்ப்ரே ஒன்றை மெல்லிய தூவலாக அடித்துவிட்டால் கோடு காக்கப்படும்.

ஷெல்லாக் என்னும் அரக்குப் பிசின் கலந்த இந்திய மையைத் தொட்டு எழுதும் நிப்புடன் மட்டும் பயன்படுத்துங்கள்; குழாய்முனைப் பேனாவில் அது உறைந்து அடைத்துவிடும்.

மறுமொழி – தூரிகைநுனி

அடித்தளம் பற்றி மேலே சொன்னவை அனைத்தும் சரி. ஆனால் தின்னரையே இங்கு தவிர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அது மிகுந்தால் நிறமியைப் பிணைக்கும் எண்ணெய் நீர்த்துப்போய், காய்ந்தபின் வண்ணம் பொடியாக உதிரும். ஆளிவிதை எண்ணெய் ஒரு சொட்டுடன் வண்ணத்தை மிகக் குறைவாக எடுத்து, ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் தேய்த்துப் பரப்பி, மிகுதியைப் பருத்தித் துணியால் துடைத்தெடுங்கள். துடைத்த இடமே வெளிச்சமாகத் தெரியும்.

இம்முறையில் ஒளியும் நிழலும் மையின் வேலை. குறுக்குக் கோடுகளாலும் புள்ளிகளாலும் பறவையின் உருட்சி முழுவதையும் கறுப்பிலேயே முடித்திருந்தால், எண்ணெய் வண்ணம் நிறத்தை மட்டும் ஏற்றினால் போதும். நிழலுக்காக வண்ணத்தைக் குவிப்பவர்களின் பெட்டிகளில் பேனா வேலை வீணாகப் புதைந்து கிடப்பதைக் காணும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். ஆகவே ஒளி ஊடுருவும் நிறங்களைத் தேர்ந்தெடுங்கள்: பர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரின் நீலம், அலிசரின் சிவப்பு, தாலோ பச்சை. டைட்டானியம் வெள்ளையும் காட்மியம் நிறங்களும் கோட்டை மூடிவிடும்.

ஆளிவிதை எண்ணெய் படிந்த துணியைக் கசக்கிக் குவித்து வைக்காதீர்கள். எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேரும்போது வெப்பம் பிறந்து, குவியலுக்குள் தேங்கி, தானாகவே தீப்பற்றக்கூடும். வெளியே விரித்து உலர்த்துங்கள்.

மறுமொழி – தகரத்தாள்

குவளையைப் பொறுத்தவரை, துருவையும் எண்ணெய்ப் பிசுக்கையும் நீக்கியபின் அது துத்தநாகம் பூசிய இரும்பா என்று பாருங்கள். துத்தநாகத்தின் மேல் நேரடியாக எண்ணெய் சார்ந்த பெயிண்டைப் பூசினால் இடையில் சோப்பு போன்ற படலம் உருவாகி நாளடைவில் உரிந்துவிடும். உலோகத்திற்கான அக்ரிலிக் ப்ரைமர் (அடிப்பூச்சு) இங்கு கட்டாயம் தேவை. உள்பக்கத்திலும் உதடு படும் விளிம்பிலும் எதையும் பூச வேண்டாம். வரைந்தபின் அதைப் பருகுவதற்கே பயன்படுத்தாமல், தூரிகைகள் வைக்க ஒதுக்கிவிடுவது நல்லது.

கேள்வி – இழைக்கோடு

மூவருக்கும் நன்றி. பஞ்சால் ஒற்றியவுடனே கறுப்பு வந்துவிட்டது. ஆகவே மையை மாற்றுகிறேன். வார்னிஷ் பூச எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்?

மறுமொழி – தூரிகைநுனி

நாள் கணக்கை நம்ப வேண்டாம். அம்பர் (umber) வகைப் பழுப்புகள் விரைவில் காயும், அலிசரின் நெடுநாள் ஈரமாகவே நிற்கும். தொட்டால் ஒட்டாத நிலையும் முழுமையாக உலர்ந்த நிலையும் வேறு. பெட்டியில் பயன்படுத்தும் அதே நிறங்களைச் சோதனைத் துண்டிலும் அதே நாளில் பூசி வையுங்கள். சில வாரங்கள் கழித்து, தின்னர் தொட்ட பஞ்சால் அதை ஒற்றும்போது நிறம் வராவிட்டால் பெட்டிக்கு வார்னிஷ் பூசலாம், வந்தால் பொறுத்திருங்கள்.