மொட்டை மாடியில் எட்டுப் புகையிலைச் செடிகள்

சத்துவாச்சாரி மாடிவாசி:
கார்த்திகையில் விதைத்துத் தையில் தொட்டிக்கு மாற்றினேன். எட்டுச் செடி. திண்டுக்கல் பக்கத்துச் சொந்தக்காரர் கொடுத்த நாட்டு விதை, ஒரு சிட்டிகை. ஒரு கிராமில் 10,000 விதைக்கு மேல் இருக்கும். அந்தச் சிட்டிகையே எங்கள் தெருவுக்குப் போதும். மண்ணைப் போட்டு மூடக்கூடாது, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். மணலில் கலந்து தூவிவிட்டு, தட்டில் தண்ணீர் வைத்து அடியிலிருந்து ஊறவிட்டேன்.

மொட்டு தெரிந்ததும் கொண்டையைக் கிள்ளிவிட்டு, செடிக்குப் பன்னிரண்டு இலை மட்டும் நிறுத்தினேன். மறுவாரமே இலைக்கு இலை கக்கத்தில் சிம்பு, அதாவது பக்கத் துளிர், வெடிக்கிறது. ஒடித்துக்கொண்டே இருக்க வேண்டும். விரலில் ஒட்டும் பிசின் கறுத்துவிடுகிறது, சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் போவதில்லை.

சித்திரைக் கடைசியில் இலைகளைப் பறித்துக் கயிற்றில் கோர்த்து, மாடிப்படி அறையில் தொங்கவிட்டேன். தகரக் கூரை. மூன்றே நாளில் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. நிறம் மட்டும் பச்சை, வாசனை வைக்கோல். மூன்று கிலோ இலை காய்ந்து 400 கிராம்கூடத் தேறவில்லை. எங்கே தவறினேன்?

நான் பீடி, சிகரெட் எதையும் தொடுவதில்லை. பாட்டியின் வெற்றிலைப் பையைத் திறந்தால் வரும் வாசனை ஒன்று உண்டு. அதை மறுபடி உண்டாக்க முடியுமா என்று ஆசை, அவ்வளவுதான்.

கோட்டை மதில்:
அரசன் இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று நம் வேலூரைச் சொல்வார்கள். இப்போது புகைப்பவன் இல்லாத புகையிலையும் சேர்ந்தது.

ஒடுகத்தூர் பெரியவர்:
தம்பி, இலை காய்வது வேறு, பக்குவப்பட்டுப் பாடம் ஆவது வேறு. பறித்த பிறகும் இலைக்கு உயிர் இருக்கிறது. தன்னிடம் உள்ள மாவுச்சத்தைத் தானே சர்க்கரையாக்கித் தின்றுகொண்டு மெல்ல மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும். அதற்குள் ஈரம் போய்விட்டால் பச்சை அப்படியே பூட்டிக்கொள்ளும். பிறகு நீங்கள் என்ன செய்தாலும் திரும்பாது. அக்கினி நட்சத்திரத்தில், வேலூரில், தகரத்துக்கு அடியில் தொங்கவிட்டால் இலை என்ன செய்யும்?

என் மாமனார் ஊர் வேடசந்தூர். அங்கே செடியைத் தண்டோடு அறுத்துத் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள். தண்டிலிருக்கும் ஈரம் இலைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். நீங்கள் வடக்குப் பார்த்த அறையில் தொங்கவிட்டு, நனைத்த கோணியைச் சுற்றிலும் கட்டுங்கள். நிழலில் பாடம் ஆக நான்கு முதல் எட்டு வாரம் ஆகும். பிறகு விடியற்காலையில் தொட்டுப் பாருங்கள். நொறுங்காமல் தோல் மாதிரி மடங்கினால் அதுதான் பதம். அந்தப் பதத்தில் அடுக்கி, மேலே பாரம் வைத்து அம்பாரம் போட வேண்டும். உள்ளே சூடேறும், மூத்திர நெடி மாதிரி ஒன்று மூக்கைத் துளைக்கும். பயப்பட வேண்டாம், கலைத்து மாற்றி அடுக்குங்கள். வெல்லத் தண்ணீர் தெளிப்பவர்களும் உண்டு. யாழ்ப்பாணத்தில் தேங்காய் மட்டை போட்டுப் புகை காட்டுவார்கள். அந்தக் காரமே வேறு. உங்கள் பாட்டி போட்டது எந்த ஊர்ச் சரக்கு என்று முதலில் விசாரியுங்கள்.

குடியாத்தம்காரி:
கொண்டை கிள்ளுவது, பாடம் போடுவது எல்லாம் கேட்க அழகாக இருக்கிறது. "ஆசை, அவ்வளவுதான்" என்ற இடத்தில்தான் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

என் அம்மா இருபத்தாறு வருடம் பீடி சுற்றினார். இரவே பீடி இலையை நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைப்பார். காலையில் தகட்டை வைத்துக் கத்தரியால் வெட்டி, மடியில் முறத்தைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தால், ஆயிரம் பீடி முடியும் வரை எழுந்திருக்க முடியாது. முறத்தில் இருக்கும் தூள் குஜராத்திலிருந்தும் கர்நாடகத்து நிப்பாணியிலிருந்தும் வருவது. மின்விசிறி போட்டால் பறந்துவிடும் என்பதால் மே மாதத்திலும் போட மாட்டார். நானும் தம்பியும் பக்கத்தில் தும்மிக்கொண்டே வீட்டுப்பாடம் எழுதுவோம். அம்மா கை சோற்றில் பட்டால் சோறு கசக்கும். கடைசியில் நெஞ்சுச் சளியோடு போய்ச் சேர்ந்தார். உங்களுக்கு விரலில் ஒட்டிய பிசின் ஒரு மாதத்தில் போய்விடும் ஐயா.

சத்துவாச்சாரி மாடிவாசி:
அம்மா, உங்கள் வலியை மறுக்கவில்லை. ஆனால் என் எட்டுச் செடி யார் மடியிலும் முறத்தை வைக்கவில்லை. விற்கவில்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை. கடைச் சரக்கில் என்னென்ன கலக்கிறார்களோ. இது மருந்தடிக்காத சுத்தமான இலை.

மருந்துக்கடை மேசை:
"சுத்தமான இலை" என்ற பேச்சுதான் ஆபத்து. புகையிலையில் புற்றுநோய் உண்டாக்கும் நைட்ரோசமைன்களில் பெரும்பகுதி கடைக்காரர் கலப்பதால் வருவதில்லை. நம் பெரியவர் அவ்வளவு ரசித்துச் சொன்ன அதே பாடத்திலும் அம்பாரத்திலும்தான், நுண்ணுயிர்கள் வேலை செய்யும்போது உண்டாகிறது. மெல்லும் புகையிலை புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதியாகவே வகைப்படுத்தியிருக்கிறது. மாடியில் வளர்ந்ததா, மில்லில் அரைத்ததா என்று வாய்க்குத் தெரியாது.

இன்னொன்று கேட்கிறேன். பறித்த அன்று உடம்புக்கு ஏதாவது செய்ததா?

சத்துவாச்சாரி மாடிவாசி:
செய்தது. முந்தின இரவு கோடை மழை. காலையில் வெறும் பனியனோடு ஈர இலைகளைக் கட்டி அணைத்துக்கொண்டு இறங்கினேன். பதினோரு மணிக்குத் தலை சுற்றல், பிறகு வாந்தி. முதல் நாள் தின்ற பிரியாணி மேல் பழியைப் போட்டேன்.

மருந்துக்கடை மேசை:
பிரியாணி பாவம். ஈர இலையிலிருந்து நிகோடின் தோல் வழியாகவே உள்ளே போகும். புகையிலைக் காட்டில் வேலை செய்பவர்களுக்கு இது தெரிந்த நோய். முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டு, இலை உலர்ந்த பிறகு பறித்திருந்தால் தப்பித்திருப்பீர்கள். வீட்டில் குழந்தை இருக்கிறதா?

சத்துவாச்சாரி மாடிவாசி:
ஆறு வயது மகள். இரண்டு இலையைக் குடை மாதிரிப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

குடியாத்தம்காரி:
இந்த முறை ஆகவில்லை.

கோட்டை மதில்:
இதற்கு லைசென்ஸ் வேண்டாமா? போலீஸ் வந்தால் மாடியிலிருந்து குதிப்பாரா?

ஒடுகத்தூர் பெரியவர்:
1975-ஆம் ஆண்டுப் புகையிலை வாரியச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கியது சிகரெட்டுக்குப் போகும் வர்ஜீனியா ரகத்துக்கு. தம்பி வைத்திருப்பது நாட்டு ரகம். 1979 வரை வெறும் இலைக்கே எக்சைஸ் வரி இருந்தது. அதிகாரி வீட்டு வாசலில் வந்து நின்று இருப்பை எடை போடுவார். மாமனார் அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் குரலைத் தாழ்த்துவார், வரி போய் எத்தனையோ வருடம் ஆன பிறகும்.

அணைக்கட்டு கத்திரி:
எல்லோரும் மனிதர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் செடி பக்கம் பேசுகிறேன். எங்களுடையது முள் கத்திரிக்காய். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது. கத்திரி, தக்காளி, மிளகாய், புகையிலை நான்கும் ஒரே குடும்பம், நோயும் பங்காளிச் சொத்துதான். உலகத்தில் முதலில் கண்டுபிடித்த வைரஸே புகையிலைத் தேமல் வைரஸ் என்று வேளாண்மை படிக்கும் என் மகள் சொல்கிறாள். காய்ந்த இலையிலும் அது வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பீடி பிடித்த கையோடு நாற்றைத் தொட்டாலே ஏறிவிடும். நீங்கள் போட்ட படத்தில் மூன்றாவது இலை சல்லடையாக இருக்கிறது, அடியில் பழுப்பு மயிர் போர்த்திய முட்டைக் குவியல் தெரிகிறது. அதற்குப் பெயரே புகையிலை வெட்டுப்புழு.

சத்துவாச்சாரி மாடிவாசி:
அண்ணா, சத்துவாச்சாரி மாடியிலிருந்து அணைக்கட்டுக்கு வைரஸ் பஸ் ஏறியா வரும்? உங்கள் கொல்லையில் வேலை செய்பவர்கள் காதில் செருகியிருக்கும் பீடியை விடவா என் செடி மோசம்?

அணைக்கட்டு கத்திரி:
வைரஸ் வராது, நீங்கள் வருவீர்கள். போன ஆடியில் மாடித் தோட்டத்துக்கு இருபது கத்திரி நாற்று என்னிடம்தானே வாங்கினீர்கள்? நாற்றங்காலில் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துப் பொறுக்கினீர்கள். என் கொல்லையில் நாற்றங்கால் பக்கம் பீடிக்கு அனுமதி இல்லை. நடவு நாளில் வாளியில் பால் கரைத்த தண்ணீர் வைத்திருப்பேன், கையை நனைத்துக்கொண்டுதான் நாற்றைப் பிடிக்க வேண்டும். கேலி செய்தவர்கள் எல்லாம் தேமல் விழுந்த வருடம் வாயை மூடிக்கொண்டார்கள்.

சத்துவாச்சாரி மாடிவாசி:
அப்படியானால் காய்ந்த இலையைப் பூச்சி மருந்தாக்கிவிடலாமே. உங்கள் அப்பா காலத்தில் புகையிலைக் கரைசல் அடிக்கவில்லையா?

அணைக்கட்டு கத்திரி:
அடித்தார். அரைக் கிலோ இலையை நாலரை லிட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, சோப்பு கரைத்து, ஆறேழு மடங்கு தண்ணீர் விட்டு அடிப்பார். அசுவினிப் பூச்சி உதிரும். தேனீயும் உதிரும். கொதித்தால் வைரஸ் சாகும். சோம்பேறித்தனமாக ஊறவைத்து அடித்தால் நோயைத்தான் தெளிக்கிறீர்கள். கத்திரி மேல் நான் அடிக்க மாட்டேன்.

ஒடுகத்தூர் பெரியவர்:
ஆசையையும் கொஞ்சம் பாருங்கள் ஐயா. ஒரு வேலையின் நுணுக்கம் தெரிந்த கடைசி ஆட்கள் நாங்கள். இது எங்களோடு போனால் யாருக்கு லாபம்?

குடியாத்தம்காரி:
பெரியவரே, ஒரு பீடியை எட்டு நொடியில் சுற்றும் நுணுக்கம் என் அம்மாவிடம் இருந்தது. எனக்கும் வரும், கண்ணை மூடிக்கொண்டு சுற்றுவேன். என் மகளுக்கு அதைக் கற்றுக்கொடுக்கவில்லை. போகட்டும் என்றுதான் விட்டேன்.

சத்துவாச்சாரி மாடிவாசி:
சரி. காய்ந்த 400 கிராமையும் குழி வெட்டிப் புதைக்கிறேன், மகள் கையில் படாது. தொட்டிகளில் அடிக்கட்டைகள் நிற்கின்றன, மறுபடி சிம்பு விட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பிடுங்கிவிடுகிறேன். ஒன்றை மட்டும் பூவுக்கு விடலாமா? வெளிர் ரோஜா நிறத்தில் பூக்கும் என்கிறார்கள். நான் இன்னும் பார்த்ததில்லை.

அணைக்கட்டு கத்திரி:
விடுங்கள், உங்கள் மாடி. ஆனால் இந்த ஆடிக்கு நாற்று வேண்டுமென்றால் தொலைபேசியில் சொல்லுங்கள், நானே எடுத்து வந்து வாசலில் வைத்துவிட்டுப் போகிறேன். நாற்றங்காலுக்குள் கால் வைக்க வேண்டாம்.