குமகாயா கோடையில் வீட்டு சோமென்: நூடுல்ஸ் ஒட்டிக்கொள்கிறது, மீன் இல்லாத சுயு சப்பென்று இருக்கிறது. உதவி தேவை

கேள்வி (சைதாமா, குமகாயாவிலிருந்து)

எல்லாருக்கும் வணக்கம். ஜப்பானில் எங்களுக்கு இது முதல் கோடை. குமகாயா வெயிலைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, 2018 ஜூலையில் 41.1 டிகிரி பதிவான ஊர். வெயிலைக்கூடச் சமாளித்துவிடலாம், இந்தப் புழுக்கம்தான் ஆளைச் சாய்க்கிறது. ஏசி காற்று சமையலறைப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை. குழம்பு, பொரியல் என்று அடுப்படியில் நிற்க முடியவில்லை. பிள்ளைகளும் சூடாக எதைக் கொடுத்தாலும் தட்டைத் தள்ளிவிடுகிறார்கள்.

எங்கள் தெருவில் பிள்ளைகளுக்காக நகாஷி சோமென் நடத்தினார்கள். மூங்கிலை நீளவாக்கில் பிளந்து சரித்து வைத்து, தண்ணீரோடு சோமெனை, அதாவது மெல்லிசான கோதுமை நூடுல்ஸை, ஓடவிட, பிள்ளைகள் சாப்ஸ்டிக்கால் பிடித்துச் சாப்பிடுவார்களே, அதுதான். நாங்கள் முட்டை மட்டும் சேர்த்துக்கொள்ளும் சைவம். அன்றைக்குப் பிள்ளைகளுக்கு மீன் சாறு சேர்ந்த சுயு (நூடுல்ஸைத் தொட்டுச் சாப்பிடும் சாறு) இல்லாமல் வெறும் ஷோயுவை (சோயா சாஸ்) தண்ணீர் விட்டுக் கொடுத்தேன், அதற்கே அவ்வளவு ஆசையாகச் சாப்பிட்டார்கள். இப்போது வீட்டிலும் தினம் அதைத்தான் கேட்கிறார்கள்.

நான் செய்யும் விதம் இது. தண்ணீரில் உப்பும் கொஞ்சம் எண்ணெயும் விட்டு சோமெனை வேகவைத்து, வடிகட்டி, ஒரு தடவை தண்ணீர் காட்டி, சாப்பிடும் நேரம் வரை ஃப்ரிட்ஜில் வைக்கிறேன். எடுக்கும்போது மொத்தமும் ஒரே கட்டி. வாயில் வைத்தால் கொழகொழவென்று இருக்கிறது, உப்பும் கரிக்கிறது.

சுயுவுக்குக் கொன்பு என்ற காய்ந்த கடற்பாசியையும் காய்ந்த ஷிட்டாக்கேக் காளானையும் இரவே மேடையில் ஊறவைத்து, காலையில் அந்தத் தண்ணீரோடு நன்றாகக் கொதிக்கவிட்டு, ஷோயுவும் இனிப்பான சமையல் திரவமான மிரினும் சேர்க்கிறேன். லேசாக வழவழப்பாக இருக்கிறது, ஏதோ கடல் வாடையும் வருகிறது. ஐஸ் போட்டதும் ருசியே காணோம். நேற்று ஊறவைத்த தண்ணீரில் நுரை கட்டிப் புளித்த வாசனை வந்ததால் கொட்டிவிட்டேன்.

எந்த இடத்தில் மாற்ற வேண்டும்? மீன் இல்லாமல் இந்தச் சுயு ருசியாக வருமா, வராதா?

பதில் (ஒசாகாவிலிருந்து)

வணக்கம் தங்கச்சி. கண்டிப்பாக வரும். முதலில் நூடுல்ஸைச் சரிசெய்வோம். சுயு எவ்வளவு நன்றாக இருந்தாலும் சோமென் ஒட்டிக்கொண்டால் பிரயோஜனம் இல்லை.

உப்பு போடவே வேண்டாம். சோமென் மாவைப் பிசையும்போதே நிறைய உப்பு சேர்க்கிறார்கள், அந்த உப்பு இருந்தால்தான் மாவு அறுந்துபோகாமல் அவ்வளவு மெல்லிசாக இழுபடும். வேகும் தண்ணீரும் கழுவும் தண்ணீரும்தான் அதை வெளியே எடுக்கின்றன. எண்ணெயும் வேண்டாம். கையால் இழுத்த தெனோபே சோமெனில் இழை காயாமலும் ஒட்டாமலும் இருக்க ஏற்கெனவே எண்ணெய் தடவியிருப்பார்கள். ஷோதோஷிமா தீவில் நல்லெண்ணெயே தடவுகிறார்கள்.

100 கிராமுக்கு, அதாவது சாதாரணமாக இரண்டு கட்டுக்கு, ஒரு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர். தளதளவென்று கொதித்ததும் கட்டைப் பிரித்துத் தூவி, ஒரே ஒரு முறை கிளறிவிடுங்கள். பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு நிமிடம், உங்கள் பாக்கெட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுவே கணக்கு. பொங்கி வந்தால் பச்சைத் தண்ணீர் ஊற்றாமல் தீயைக் குறையுங்கள். பச்சைத் தண்ணீர் சூட்டைச் சட்டென்று இறக்கிவிடும், நூடுல்ஸ் குழைந்துவிடும்.

நீங்கள் அவசரப்படுவது இதற்கு அப்புறம்தான். ஒரு தடவை தண்ணீர் காட்டினால் போதாது. ஜாருவில் (வடிதட்டில்) கொட்டி முதலில் குழாய்த் தண்ணீரில் சூட்டை ஆற்றுங்கள். கை தாங்கும் சூடு வந்ததும், துணி துவைப்பதுபோல இரண்டு கையாலும் கசக்கிக் கழுவுங்கள். அறுந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம், சரியாக வெந்த சோமென் தாங்கும். முதலில் வரும் தண்ணீர் கஞ்சிபோல வெள்ளையாக இருக்கும், விரலில் வழவழவென்று ஒட்டும். தண்ணீர் தெளியும்வரை, இழை விரலில் கொஞ்சம் சொரசொரவென்று படும்வரை கழுவ வேண்டும். மாவு, உப்பு, எண்ணெய் வாடை மூன்றும் அப்போதுதான் போகும். கடைசியில் ஐஸ் தண்ணீரில் ஒரு முக்கு. கோடையில் குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாக வருவதால் ஐஸ் இல்லாமல் அந்த விறைப்பு வராது.

ஃப்ரிட்ஜில் வைக்கிற வேலையே வேண்டாம். சுயு, தொட்டுக்கொள்ள வேண்டியது எல்லாம் மேஜைக்கு வந்து, பிள்ளைகளும் உட்கார்ந்த பிறகு சோமெனைப் போடுங்கள். இரண்டு நிமிட வேலைதானே. ஒரு வாய் அளவாக விரலில் சுருட்டி, தண்ணீர் வடிய வடிய ஜாருவில் அடுக்கினால் எடுக்கவும் சுலபம்.

பதில் (தோக்கியோ, நிஷிகசாயிலிருந்து)

அக்கா நூடுல்ஸைப் பார்த்துக்கொண்டார்கள், நான் தாஷிக்கு, அதாவது சுயுவுக்கு அடிப்படையான சாற்றுக்கு, வருகிறேன். எங்கள் வீட்டிலும் சைவம்தான்.

கொன்பையும் ஷிட்டாக்கேயையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவிடுவதில்தான் சிக்கல். இரண்டுக்கும் தேவையான சூடு வேறு வேறு. கொன்பைக் கொதிக்கவைத்தால் வழவழப்பும் கடல் வாடையும் கசப்பும் இறங்கிவிடும். ஷிட்டாக்கே நேர்மாறு. குளிர்ந்த தண்ணீரில் நிதானமாக ஊற வேண்டும், ஆனால் அந்தத் தண்ணீரைச் சூடாக்கும்போதுதான் குவானிலேட் என்ற ருசிப்பொருள் உருவாகிறது. காளானை ஊறவைத்த தண்ணீரை அப்படியே பச்சையாகச் சேர்த்தால் வாசனை இருக்கும், ருசி இருக்காது.

அதனால் தனித்தனியாக ஊறவையுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்குக் கொன்பு 10 கிராம். மேலே இருக்கும் வெள்ளைப் பொடி அழுக்கு இல்லை, அதைக் கழுவாமல் ஈரத்துணியால் லேசாக ஒற்றி எடுத்தால் போதும். இன்னொரு டப்பாவில் 300 மில்லி தண்ணீருக்கு நடுத்தர அளவு ஷிட்டாக்கே மூன்று நான்கு. இரண்டையும் ஃப்ரிட்ஜில் ஒரு ராத்திரி வையுங்கள். இந்தச் சூட்டில் மேடையில் வைத்தால் நேற்று வந்த நுரைதான் மறுபடியும் வரும். கொட்டியது சரி, அதைக் கொதிக்கவைத்துக்கூடப் பயன்படுத்தக் கூடாது.

காலையில் கொன்பை எடுத்துவிட்டால் தாஷி தயார், அடுப்பே வேண்டாம். ஷிட்டாக்கே தண்ணீரை மட்டும் வடிகட்டி, மெதுவாகச் சூடாக்கி ஒரு கொதி வந்ததும் நுரையை எடுத்துவிடுங்கள்.

மீன் இல்லாமல் ருசி வருமா என்று கேட்டீர்கள். கொன்பில் இருக்கும் குளூட்டமேட்தான் உமாமி என்ற அழுத்தமான ருசிக்குக் காரணம் என்று ஜப்பானிய வேதியியலாளர் கிகுனாயே இகேதா 1908இல் கண்டுபிடித்தார். கட்சுவோபுஷியில், அதாவது காய்ந்த சூரைமீன் சீவலில், இருப்பது இனோசினேட். குளூட்டமேட்டோடு இனோசினேட் சேர்ந்தால் ருசி பல மடங்கு ஏறும், அதனால்தான் இங்கே கொன்பையும் மீனையும் சேர்த்துத் தாஷி எடுக்கிறார்கள். ஷிட்டாக்கேயில் இருக்கும் குவானிலேட்டும் அதே வேலையைச் செய்யும். புத்த மடங்களின் ஷோஜின் சமையலில் காலங்காலமாக மீன் இல்லாமல் கொன்பு, ஷிட்டாக்கே, வறுத்த சோயா இவற்றில்தான் தாஷி எடுக்கிறார்கள். மீன் இல்லாததைக் குறையாக நினைக்க வேண்டியதே இல்லை. இது தனி மரபு, ருசியும் தனி.

அளவு இது. மிரின் 100 மில்லியை முதலில் ஒரு நிமிடம் கொதிக்கவிடுங்கள். ஷோயு 100 மில்லி சேர்த்து, கொன்புத் தாஷி 250, ஷிட்டாக்கேத் தாஷி 100 ஊற்றி, ஓரத்தில் குமிழி வந்ததும் அணைத்துவிடுங்கள். சூடாக இருக்கும்போது ருசி பார்த்தால் தூக்கலாகத் தெரியும், தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். குளிர்ந்தபின் இனிப்பு மங்கித்தான் தெரியும், கழுவிய சோமெனோடு வரும் தண்ணீரும் சேரும், கணக்கு சரியாகிவிடும்.

சுயுவில் ஐஸ் போட வேண்டாம். மிஞ்சும் கொன்புத் தாஷியை ஐஸ் தட்டில் உறையவைத்து அந்தக் கட்டியைப் போடுங்கள், உருகினாலும் ருசி போகாது.

கேட்டவர்

அக்கா, அண்ணா, இருவருக்கும் ரொம்ப நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். என்னிடம் இருப்பது ஹிதாகா கொன்பு, அது சரிப்படுமா? மிரினில் ஆல்கஹால் இருக்கிறது என்கிறார்களே, பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? முடியாத நாளுக்குக் கடை பாட்டில் ஒன்று வாங்கி வைக்கலாம் என்றும் பார்க்கிறேன்.

பதில் (தோக்கியோ, நிஷிகசாயிலிருந்து)

ஹிதாகா சீக்கிரம் வெந்து மென்மையாகிவிடும், அதனால் வேகவைத்துச் சாப்பிடத்தான் அதிகம் வாங்குவார்கள். தாஷி வரும், கொஞ்சம் லேசாக இருக்கும். தெளிவான தாஷிக்கு ரிஷிரி அல்லது மாகொன்பு, அழுத்தமான ருசிக்கு ராவுசு. கையில் இருக்கும் ஹிதாகாவை வீணாக்க வேண்டாம், 10 கிராமுக்குப் பதில் 15 போட்டு ஊறவையுங்கள். ஊறிய கொன்பைப் பொடியாக நறுக்கி ஷோயு, சர்க்கரை சேர்த்துச் சுண்டவைத்தால் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள நன்றாக இருக்கும்.

அசல் மிரினான ஹோன்மிரினில் 14 சதவீதம் அளவுக்கு ஆல்கஹால் உண்டு. முதலில் தனியாகக் கொதிக்கவிடச் சொன்னது அதைப் போக்கத்தான். அதுவும் வேண்டாம் என்றால் 100 மில்லி மிரினுக்குப் பதில் மூன்று மேஜைக்கரண்டி சர்க்கரையும் கொஞ்சம் கூடுதல் தாஷியும் போதும். மினுமினுப்பு குறையும், அவ்வளவுதான்.

கடை பாட்டிலில் முன்னால் கொன்பு என்று பெரிதாகப் போட்டிருக்கும், பின்னால் பொருள் பட்டியலில் கட்சுவோ சாரமும் இருக்கும். இது நிறைய பாட்டில்களில் உண்டு. கட்சுவோ (சூரை), சபா (கானாங்கெளுத்தி), நிபோஷி (காய்ந்த சிறு மீன்), சகனா (மீன்) ஆகிய நான்கு சொற்களையும் ஜப்பானிய எழுத்தில் போனில் சேமித்து வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள். நேராக ஊற்றும் வகையா, இரண்டு மடங்கு அடர்த்தியா, மூன்று மடங்கா என்பதையும் கவனியுங்கள். மூன்று மடங்கு சுயுவைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றினால் பிள்ளைகள் ஒரு வாய்கூட வைக்க மாட்டார்கள்.

பதில் (செந்தாயிலிருந்து)

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். தினம் சோமென் மட்டும் என்றால் வெறும் மாவுதான் உள்ளே போகும், கோடை அசதி அதிகமாகும். பக்கத்து மாநிலமான யாமகாதாவில் ஒரு பதார்த்தம் உண்டு, அதற்கும் பெயர் தாஷிதான், ஆனால் சாறு இல்லை. வெள்ளரிக்காய், கத்தரிக்காய், வெண்டைக்காய், மியோகா (இஞ்சி இனத்து மொட்டு), வாசனையான ஷிசோ இலை எல்லாவற்றையும் பொடிப்பொடியாக நறுக்கி, மெல்லிசாகச் சீவிய கொன்பும் ஷோயுவும் சேர்த்துக் கலந்து ஃப்ரிட்ஜில் வைப்பது. கத்தரிக்காயைப் பச்சையாகத்தான் போடுவார்கள். நறுக்கியதும் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்துவிட்டால் கறுக்காது, காறாது. வெண்டைக்காயை மட்டும் உப்புப் போட்டுத் தேய்த்து ஒரு கொதியில் எடுங்கள். கொன்பும் வெண்டைக்காயும் சேர்ந்து வழவழவென்று வரும், அதுதான் இதற்கு அழகு. குளிர்ந்த பட்டுத் தோஃபுவின் மேலோ, சோமென் மேலோ, சாதத்தின் மேலோ போட்டுக்கொள்ளலாம். நம் ஆட்களுக்கு வெண்டைக்காய் வழவழப்பு ஆகாது என்பார்கள். இதைச் சில்லென்று ஒரு தடவை சாப்பிட்டுப் பாருங்கள்.

மியாசாகிக்காரர்களின் ஹியாஜிரு என்ற குளிர்ந்த சூப்பும் உங்களுக்குப் பிடிக்கும். எள்ளை வறுத்து அரைத்து, புளிக்கவைத்த சோயா விழுதான மிசோவைக் கொஞ்சம் சுட்டுச் சேர்த்து, குளிர்ந்த கொன்புத் தாஷியில் கரைத்து, வெள்ளரி, கையால் உதிர்த்த தோஃபு, ஷிசோ போட்டுச் சாதத்தில் ஊற்றுவது. அங்கே காய்ந்த மீனும் அரைத்துப் போடுவார்கள், நீங்கள் எள்ளைக் கூட்டிக்கொள்ளுங்கள். மிசோ வாங்கும்போது தாஷி கலந்தது வேண்டாம், அதில் பெரும்பாலும் கட்சுவோ இருக்கும்.

கேட்டவர்

நேற்று ராத்திரி இரண்டையும் ஃப்ரிட்ஜில் வைத்து, இன்று மதியம் செய்தேன். சோமென் ஒட்டவே இல்லை. கழுவும்போது முதலில் வந்த வெள்ளைத் தண்ணீரைப் பார்த்ததும்தான் இத்தனை நாள் எதைச் சாப்பிட்டோம் என்று புரிந்தது. சுயு தெளிவாக, தேன் நிறத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது, கடல் வாடை சுத்தமாக இல்லை. பெரியவள் கிண்ணத்தைத் தூக்கிச் சுயுவையே குடிக்கப் பார்த்தாள். துருவிய இஞ்சியும் மெல்லிசாக நறுக்கிய முட்டைத் தோசையும் வைத்தேன். செந்தாயில் இருப்பவர் சொன்ன தாஷிக்கு மியோகா வாங்கி வைத்திருக்கிறேன், நாளைக்கு அதுதான்.

கடைசியாக ஒன்று. சுயுவை எத்தனை நாள் வைக்கலாம்? முகிச்சாவும் (வறுத்த பார்லி ஊறிய பானம்) பெரிய ஜாடியில் போட்டு வைக்கிறேன், அதுவும் கெடுமா?

பதில் (ஒசாகாவிலிருந்து)

சந்தோஷமாக இருக்கிறது தங்கச்சி. வீட்டில் செய்த சுயு ஃப்ரிட்ஜில் மூன்று நாள், அதற்கு மேல் வேண்டாம். அடுப்பிலிருந்து இறக்கியதும் பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் நிறுத்தி ஆறவைத்து உடனே உள்ளே வையுங்கள். மேஜையில் தொட்டுச் சாப்பிட்டு மிஞ்சியதைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றவே கூடாது. நிறைய எடுக்க ஆசை என்றால் தாஷியை மட்டும் உறையவைத்து, வேண்டியபோது ஷோயு, மிரின் சேருங்கள்.

முகிச்சா கெடும், தேயிலையை விடச் சீக்கிரமே கெடும். பார்லியின் மாவுச்சத்து தண்ணீரில் இறங்குகிறது, தேயிலையில் கிருமியைக் கொஞ்சம் தடுக்கும் கேட்டகின் இதில் இல்லை. முதலிலிருந்தே ஃப்ரிட்ஜில் ஊறவைத்து, பையை எடுத்துவிட்டு இரண்டு நாளில் தீர்த்துவிடுங்கள். ஜாடி மூடியில் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவுங்கள், வழவழப்பு அங்கேதான் சேரும். கஃபீன் இல்லாததால் பிள்ளைகளுக்கு ராத்திரியிலும் தைரியமாகக் கொடுக்கலாம்.

சோமென் மிஞ்சினால் மறுநாள் குளிர வைத்துக் கொடுக்க முயலாதீர்கள், அந்த விறைப்பு திரும்ப வராது. கொஞ்சம் எண்ணெய் புரட்டி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, காலையில் முட்டைகோஸ், கேரட், முட்டை போட்டுப் பெரிய தீயில் சட்டென்று வதக்குங்கள். ஒகினாவாவில் சோமென் சம்புரு என்று இதைத்தான் செய்கிறார்கள், பள்ளி டப்பாவுக்கும் ஆகும். டப்பாவை நன்றாக ஆறவிட்டு மூடி, பக்கத்தில் ஐஸ் பை வைத்து அனுப்புங்கள்.