ஆறு வயது மகளின் முன் எதைக் காட்டுவது, எதை மறைப்பது?

கேட்டவர்: தண்டையார்பேட்டை தாய்

அனைவருக்கும் வணக்கம். எனக்குப் பத்து வயதில் ஒரு மகனும் ஆறு வயதில் ஒரு மகளும் இருக்கிறார்கள். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மீஞ்சூரிலுள்ள என் தாய்வீட்டுக்குச் செல்ல வ.உ.சி. நகர் நிலையத்தில் கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறினோம். எண்ணூரைத் தாண்டியதும் ஒரு திருநங்கை எங்கள் பெட்டிக்குள் வந்து, ஒவ்வொரு இருக்கையாகக் காசு கேட்டுக்கொண்டே வந்தார். அவர் எங்களை நெருங்கியபோது என் மகள் எழுந்து நின்று, இடுப்பை ஒடித்து, இரண்டு கைகளையும் தட்டி, குரலை மாற்றி ஏதோ ஒரு வசனத்தைப் பேசிக் காட்டினாள். பெட்டியில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. அவளைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, தலையில் கைவைத்து, "நல்லா படி கண்ணு" என்று சொல்லி, என்னிடம் காசு கேட்காமலேயே அடுத்த இருக்கைக்குப் போய்விட்டார். அவருக்குக் கொடுப்பதற்காக நான் எடுத்து வைத்திருந்த பத்து ரூபாய் மடித்தபடி என் கையிலேயே இருந்தது.

இதை எங்கே கற்றாய் என்று வீட்டுக்கு வந்து கேட்டேன். மதிய நேரத்தில் தொலைக்காட்சியில் தொடர்ந்து வரும் நகைச்சுவைக் காட்சிகளில் பார்த்ததாகச் சொன்னாள். அதை அவளுக்குப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனவள் நான்தான். அதில் இரத்தம் இல்லை, முத்தக் காட்சி இல்லை, அதனால் குழந்தைக்குத் தீங்கில்லை என்று நம்பியிருந்தேன்.

குழந்தையைக் குழந்தையாக விடு, இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்காதே என்கிறார் என் மாமியார். பத்தாம் வகுப்புக்குப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்பது என் கணவரின் கருத்து. ஒரு வாரம் தொலைக்காட்சியை நிறுத்திப் பார்த்தேன். அண்ணனின் கைப்பேசியில் அதே காட்சியைக் குறுங்காணொளியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மரணம், வன்முறை, உடல், நம்மைப் போல் இல்லாத மனிதர்கள் ஆகியவற்றை எந்த வயதில், எந்த அளவுக்குத் திரை வழியாகக் குழந்தைகளுக்கு அறிமுகப்படுத்தலாம் என்பதை அனுபவமுள்ளவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

பதில்: ராயபுரம், ஓய்வுபெற்ற ஆசிரியை

அன்பு மகளுக்கு வணக்கம். நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். முத்தக் காட்சி வந்தால் ரிமோட்டைத் தேடுகிற நாம், ஒரு மனிதரின் நிறத்தையும் பருமனையும் நடையையும் பழித்துச் சிரிக்கும் காட்சி வந்தால் குடும்பத்தோடு உட்கார்ந்து சிரிக்கிறோம். அப்படிப்பட்ட காட்சிகள் எல்லோரும் பார்க்கலாம் என்ற 'யு' சான்றிதழோடு வந்த படங்களிலும் நிறைய உண்டு. ஆகவே சான்றிதழை மட்டும் நம்பி ரிமோட்டைக் குழந்தையிடம் கொடுத்துவிட முடியாது.

மரணத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் செய்த ஒரு தவற்றை இங்கே சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன்பு, காசிமேட்டுப் பக்கமிருந்து என் ஒன்றாம் வகுப்புக்கு வந்துகொண்டிருந்த ஒரு சிறுவனின் தந்தை கடலுக்குப் போன இடத்தில் இறந்துவிட்டார். அவன் என்னிடம் கேட்டபோது, மனம் கேட்காமல், "அப்பா தூங்குகிறார் கண்ணா" என்று சொல்லிவிட்டேன். அடுத்த சில வாரங்களுக்கு அந்தக் குழந்தை இரவில் தூங்க மறுத்தான் என்றும், தன் தாய் கண்ணை மூடினால் இமையைப் பிரித்துப் பார்த்தான் என்றும் அவனுடைய பாட்டி வந்து அழுதபோதுதான் நான் என்ன செய்தேன் என்பது எனக்கு விளங்கியது.

அமெரிக்காவில் செசமி ஸ்ட்ரீட் என்ற குழந்தைகள் நிகழ்ச்சியில் கடைக்காரராக நடித்தவர் 1982-ல் காலமானார். வேறொரு நடிகரைப் போட்டு அந்த இடத்தை நிரப்பாமல், அந்தக் கடைக்காரர் இறந்துவிட்டார் என்பதையே ஒரு பகுதியாக எடுத்தார்கள். தான் வரைந்த படங்களை ஒவ்வொருவரிடமும் கொடுத்துக்கொண்டு வரும் பெரிய மஞ்சள் பறவைப் பொம்மை, கடைக்காரருக்கான படத்தை எடுத்துக்கொண்டு அவர் எங்கே என்று கேட்கிறது. தூங்குகிறார், ஊருக்குப் போயிருக்கிறார் என்றெல்லாம் பூசி மெழுகாமல், இறந்துவிட்டார், இனித் திரும்பி வரமாட்டார் என்று பெரியவர்கள் கண்கலங்கியபடி அதனிடம் சொல்கிறார்கள். அந்தப் பகுதியை 1983 நவம்பரில், பெற்றோர் வீட்டில் இருக்கும் ஒரு விடுமுறை நாளில் ஒளிபரப்பினார்கள். குழந்தை கேள்வி கேட்டால் பதில் சொல்லப் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்ற அந்த அக்கறையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். பின்னாளில் அதே நிகழ்ச்சியின் தென்னாப்பிரிக்கப் பதிப்பில் 2002-ல் எச்.ஐ.வி. தொற்றுள்ள ஒரு பொம்மைச் சிறுமியும், அமெரிக்கத் தொலைக்காட்சியில் 2017-ல் ஆட்டிசம் உள்ள ஒரு சிறுமியும் சேர்க்கப்பட்டார்கள். அவர்கள் பாடம் நடத்துவதற்காக வந்தவர்கள் அல்லர். மற்றப் பொம்மைகளோடு சேர்ந்து விளையாடுவதற்காக வந்தவர்கள்.

நம் தெருவில் மரணம் ஒளிந்துகொண்டு வருவதில்லை. பறை முழங்க, சாலை முழுக்கப் பூ உதிர, பல்லக்கு போகிறது. இரவெல்லாம் கானா பாடுகிறார்கள். குழந்தை சன்னலில் நின்று பார்த்த பிறகு, அது உனக்குப் புரியாது என்று சொல்வதால் பயன் என்ன?

திருநங்கையர் பற்றி உங்கள் மகளிடம் இவ்வளவு சொன்னால் போதும்: "அவர் பிறந்தபோது எல்லோரும் அவரை ஆண்பிள்ளை என்றார்கள். வளர வளர, தாம் பெண் என்று அவருக்குத் தெரிந்தது. அதைப் பலர் கேலி செய்தார்கள். அது அவருக்கு வலித்தது." ஆறு வயதுக் குழந்தைக்கு இதில் புரியாத சொல் ஒன்றுமில்லை. பெரிய குழந்தைக்கு, நம் மாநிலத்தில் 2008-லேயே அவர்களுக்கென நல வாரியம் அமைக்கப்பட்டதையும், 2014-ல் உச்ச நீதிமன்றம் அவர்களை மூன்றாம் பாலினமாக ஏற்றுத் தீர்ப்பளித்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பதில்: வியாசர்பாடி தந்தை

ஆசிரியை அம்மா எழுதியதில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் எதை வேண்டுமானாலும் காட்டலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். வேறுபட்ட மனிதர்களையும் வெட்டுக்குத்தையும் நாம் ஒரே மூட்டையில் கட்டி, "பெரியவர்கள் விஷயம்" என்று பெயர் எழுதி வைத்திருக்கிறோம். இன்னொரு மதத்தவரையும், சக்கர நாற்காலியில் இருப்பவரையும், திருநங்கையையும் பார்ப்பதற்கு வயது வரம்பு எதுவும் தேவையில்லை. கழுத்தை அறுக்கும் காட்சிக்கு வயது வரம்பு கட்டாயம் வேண்டும்.

2023-ல் ஒளிப்பதிவுச் சட்டம் திருத்தப்பட்டதற்குப் பிறகு பெற்றோர் வழிகாட்டுதலோடு குழந்தைகள் பார்க்கலாம் என்ற யு/ஏ சான்றிதழின் ஒரே பிரிவு 7, 13, 16 வயதுக்கு மேற்பட்டோர் என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஓடிடி தளங்கள் இதே வகைப்பாட்டைக் காட்ட வேண்டும் என்றும், 13 வயதுக்கு மேற்பட்டோருக்கான படங்களுக்கும் அதற்கு மேலானவற்றுக்கும் பெற்றோர் பூட்டு வசதி இருக்க வேண்டும் என்றும் 2021-ஆம் ஆண்டின் விதிகள் சொல்கின்றன. என் உறவினர் வீடுகளில் அந்தப் பூட்டைப் போட்டு வைத்திருப்பவர் ஒருவரும் இல்லை. யு/ஏ என்பது பெற்றோருக்கான அறிவுரை மட்டுமே. அந்த எண்ணைக் காட்டித் திரையரங்கில் குழந்தையை யாரும் திருப்பி அனுப்பமாட்டார்கள். முடிவு நம் கையில்தான் இருக்கிறது.

இதில் எனக்குள்ள அக்கறைக்கு வேறொரு காரணமும் உண்டு. என் மகனுக்குப் பதினோரு வயது, கால்பந்து ஆடுகிறான். நகரின் வேறொரு பகுதியில் நடந்த போட்டிக்குப் போயிருந்தபோது, இவன் எங்கிருந்து வருகிறான் என்று தெரிந்ததும் எதிரணிச் சிறுவன் ஒருவன், "பையில கத்தி வச்சிருக்கியா?" என்று கேட்டிருக்கிறான். மைதானத்தில் சிரித்துவிட்டு வந்த என் மகன், இரவு பாயில் படுத்துக்கொண்டு, "அப்பா, நம்ம ஏரியாக்காரங்க எல்லாரும் ரவுடியா?" என்று கேட்டான். அந்த எதிரணிச் சிறுவன் எங்கள் பகுதிக்கு ஒருநாளும் வந்திருக்கமாட்டான். அவனுக்கு எங்களை அறிமுகப்படுத்தியது, வடசென்னை என்றாலே ரவுடிகளைக் காட்டும் திரைப்படம். அவனுடைய பெற்றோரும் அந்தப் படத்தை அவனோடு உட்கார்ந்துதான் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் அங்கே மக்கள் வேறு என்னவெல்லாம் செய்கிறார்கள் என்று சொல்ல அவர்களுக்கும் தெரிந்திருக்காது.

அன்றிரவு நான் கைப்பேசியை எடுத்து, 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் 3 தங்கம் வென்ற காசிமாவைப் பற்றிய காணொளியைக் காட்டினேன். புது வண்ணாரப்பேட்டை செரியன் நகர்ப் பெண், ஆட்டோ ஓட்டுநரின் மகள். மறுவாரம் அவன் விரும்பிச் சாப்பிடும் அத்தோ என்ற நூடுல்ஸ் எங்கிருந்து வந்தது என்று கேட்டான்; பர்மாவிலிருந்து 1960-களில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பிய குடும்பங்களின் கதையைச் சொன்னேன். தட்டு காலியான பிறகும் கேட்டுக்கொண்டிருந்தான்.

பதில்: மண்ணடி வாசகி

சகோதரிக்கு ஸலாம். என் மகளுக்கு எட்டு வயது. ஒரு படத்தில் தாடி வைத்து, தொப்பி அணிந்த பெரியவர் ஒருவர் நடந்து வந்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே பின்னணி இசை மாறிவிட்டது. "ஏம்மா, இவர் நன்னாவைப் போலத்தானே இருக்கிறார், இவர் வந்தால் மட்டும் ஏன் பயமுறுத்தும் இசை?" என்று கேட்டாள். நன்னா என்பது அவளுடைய தாத்தா. படத்தை நிறுத்திவிட்டு, ஒலியை அணைத்து அதே காட்சியை மீண்டும் போட்டுக் காட்டினேன். ஒரு முதியவர் தெருவில் நடந்து வந்தார், அவ்வளவுதான். இப்போது வேறு படங்களிலும் ஒலியை அணைத்துப் பார்க்கச் சொல்கிறாள். வன்முறைக்குப் பூட்டுப் போடலாம், வியாசர்பாடி சகோதரர் சொல்வது சரி. ஆனால் இசையால் ஊட்டப்படும் பயத்துக்குப் பூட்டு எதுவும் இல்லை. அதைக் குழந்தைக்குப் பிரித்துக் காட்ட நாம்தான் வேண்டும்.

பதில்: பெரம்பூர், குழந்தைகள் பிரிவுச் செவிலியர்

சுருக்கமாக எழுதுகிறேன். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல்படி, 2 வயதுக்குள் திரையே வேண்டாம். 2 முதல் 5 வயது வரை ஒரு நாளைக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம். 5 முதல் 10 வயது வரை இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக. என்ன காட்டுவது என்பதற்கு முன் எவ்வளவு நேரம் என்பதை முடிவு செய்யுங்கள்.

உடலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பத்தாம் வகுப்பு வரை இதற்குக் காத்திருக்க முடியாது. மூன்று, நான்கு வயதிலேயே உடலின் ஒவ்வொரு உறுப்புக்கும் உரிய பெயரைச் சொல்லித் தாருங்கள். "அங்கே", "அது" என்று மட்டுமே சொல்லத் தெரிந்த குழந்தையால், தனக்கு நேர்ந்ததை மருத்துவரிடமோ காவலரிடமோ எடுத்துச் சொல்ல முடிவதில்லை. இதை நான் பணியில் நேரில் பார்த்திருக்கிறேன். பாதுகாப்பான தொடுதல் பற்றிய தமிழ்க் காணொளிகள் பல உள்ளன. முதலில் நீங்கள் தனியாகப் பார்த்துவிட்டு, பிறகு குழந்தையோடு பாருங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை உங்கள் மகனுக்கும் மனப்பாடமாக்குங்கள். ஆண் குழந்தைகளுக்கு ஆபத்தில்லை என்று நினைக்க வேண்டாம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இருபாலருக்கும் பொருந்தும்.

பதில்: தண்டையார்பேட்டை தாய்

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு கைப்பேசியில் வயதுப் பூட்டைப் போட்டுவிட்டேன். மகன் கோபித்துக்கொண்டான், காரணத்தைச் சொன்னதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே ஏற்றுக்கொண்டான். பிறகு அந்த நகைச்சுவைக் காட்சியை மகளோடு மறுபடியும் பார்த்தேன். மண்ணடி சகோதரி சொன்னதுபோல் ஒலியை அணைத்துவிட்டு, நடுவில் நிற்பவரின் முகத்தை மட்டும் பார்க்கச் சொன்னேன். சிரிக்கிறவர்களை விட்டுவிட்டு அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், "இவங்க சிரிக்கவே இல்லையேம்மா" என்றாள். பக்கத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த மாமியார் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. சற்றுக் கழித்து, அவர் சிறுமியாக இருந்தபோது தெருவில் எல்லோருக்கும் பூக்கட்டிக் கொடுத்த ஒருவரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். திருமணமாகி வந்த இத்தனை ஆண்டுகளில் அந்தக் கதையை நான் கேட்டதே இல்லை.

ராயபுரம் அம்மா எழுதிக் கொடுத்ததை அப்படியே மகளிடம் சொன்னேன். வலித்தது என்பது வரை அமைதியாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அப்போ அவங்க ஏன் ரயில்ல காசு கேக்கறாங்க, யாரும் வேலை தரலையா?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் மீஞ்சூர் போகிறோம். அதற்குள் இதற்கு ஒரு ஆறு வயதுப் பதிலை யாராவது எழுதிக் கொடுத்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.