புயலுக்கு மறுநாள் எங்கள் கூரையில் கண்டவை (பலர் தத்தம் புனைபெயரில் எழுதிய குறிப்புகள்)

கைமரம்:

காற்று அடங்கிய மறுநாள் காலையில் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தேன். ஒரு மூலையில் 4 ஓடுகளைக் காணவில்லை. மற்றபடி கூரை எப்போதும்போலவே இருந்தது. இவ்வளவோடு போயிற்றே என்ற நிம்மதியில் அன்று மாலைக்குள் புது ஓடு போட்டு அடைத்துவிட்டேன். பத்து நாள் கழித்து ஒரு சாதாரண மழை பெய்தது. நடு அறைச் சுவர் மேலிருந்து கீழ்வரை ஊறிவிட்டது. ஓடு போன மூலைக்கும் அந்தச் சுவருக்கும் 12 அடி இருக்கும்.

மழை பெய்துகொண்டிருக்கும்போதே டார்ச்சை எடுத்துக்கொண்டு பரணில் ஏறினேன். ஓடுகளைத் தாங்கும் சாய்வான கைமரத்தின் அடியில் நீர்த்துளிகள் வரிசையாகத் தொங்கின. ஒரு துளி அடுத்ததோடு சேரும். கனத்ததும் மரத்தைப் பற்றிக்கொண்டே சரிவில் நகரும். மரத்தில் ஒரு கணு இருந்த இடத்தில்தான் பிடி விட்டுச் சொட்டியது. ஈரத்தடத்தைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தால், அது இரு சரிவுகளும் சேரும் உச்சியான முகட்டில் போய் முடிந்தது. முகட்டோடுகளைக் காற்று தூக்கியிருக்கிறது. தூக்கியவை மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்துவிட்டன. அடியிலிருந்த சாந்து மட்டும் விட்டுப்போயிருந்தது. தரையிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது.

பறந்துபோன ஓடுகளைவிட இப்படிப் பழைய இடத்திலேயே வந்து அமர்ந்த ஓடுகளால்தான் எனக்குச் சேதம் அதிகம். உங்கள் வீட்டில் என்ன நேர்ந்தது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள், தற்காலிகமாக எதைச் செய்து காத்தீர்கள் என்று எழுதுங்கள். அடுத்த காற்றுக்கு முன் எல்லோருக்கும் பயன்படும்.

தகரச்சத்தம்:

ஐயா, நீங்கள் சொன்னது ஓட்டுக்கு மட்டுமல்ல, தகரத்துக்கும் அப்படியே பொருந்தும். நான் ஷீட் அடிக்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன்.

காற்று கூரையை மேலிருந்து அழுத்துகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது நேர்மாறானது. கூரையின் மேல் விரைந்து போகும் காற்று அதை உறிஞ்சி மேலே இழுக்கிறது. அந்த இழுப்பு விளிம்பிலும் மூலையிலும் முகட்டிலும்தான் மிகக் கடுமை. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகக் காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 48 கிலோ எடைக்குச் சமம். அதே ஒரு சதுர மீட்டர் தகரத்தின் எடை சுமார் 5 கிலோதான். வேகம் இரட்டிப்பானால் விசை நான்கு மடங்காகிவிடும். அப்படியானால் கூரையைப் பிடித்து வைத்திருப்பது அதன் எடையல்ல, திருகாணிகள் மட்டுமே. இதை ஒவ்வொரு வீட்டுக்காரரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

ஒரு வீட்டில் "ஒரு ஷீட்கூடப் போகவில்லை, ஒழுகல் மட்டும்தான்" என்று கூப்பிட்டார்கள். ஏறிப் பார்த்தால் காற்று வந்த பக்கத்து விளிம்பில் இரண்டு வரிசைத் திருகாணிகள் விரலால் சுழற்றினாலே சுற்றின. ஷீட் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, வட்டமாக இருந்த துளையை நீளவாட்டில் கிழித்திருந்தது. ரப்பர் வாஷர் வெயிலில் காய்ந்து வெடித்து, தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. இந்த நிலையில் அதே துளையில் மறுபடி முடுக்குவது வீண். பழைய துளையை அடைத்துவிட்டு, பக்கத்தில் நல்ல மரமோ இரும்போ இருக்கும் இடத்தில் புது வாஷருடன் புதுத் திருகாணி போட வேண்டும். வாஷர் லேசாக அமுங்கினால் போதும். பிதுங்கும்வரை முடுக்கினால் அதுவும் சீக்கிரம் வெடிக்கும்.

அந்த வீட்டில் காற்று வந்த பக்கத்து ஜன்னல் ஒன்று உடைந்திருந்தது. இதைத் தற்செயல் என்று விடாதீர்கள். உள்ளே புகுந்த காற்று கூரையை அடியிலிருந்து தள்ளும். மேலே இழுப்பு, கீழே தள்ளல். கூரையைக் காக்க நினைப்பவர்கள் கதவு, ஜன்னல் தாழ்ப்பாளையும் பார்த்துவைக்க வேண்டும்.

சிறுதூறல்:

எங்கள் வீட்டில் பொய்க்கூரைப் பலகை நடுவில் தொப்பைபோலத் தொங்கியது. மின்விசிறிக்குச் சற்றுத் தள்ளி. என் மாமியார்தான் முதலில் மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னார். அது எவ்வளவு பெரிய காரியம் என்று பிறகுதான் உணர்ந்தேன். தண்ணீர் விளக்குக் கம்பி வழியாகவும் இறங்கிக்கொண்டிருந்தது. அடியில் பெரிய வாளியை வைத்து, ஓரமாக நின்று, நீளமான கம்பியால் தொப்பையின் தாழ்ந்த இடத்தில் சிறு துளை போட்டோம். மூன்று வாளி தண்ணீர் வந்தது. அப்படியே விட்டிருந்தால் பலகை மொத்தமாக இற்று விழுந்திருக்கும், கீழே குழந்தையின் கட்டில் இருந்தது. பலகைக்கு மேல் வெப்பம் தடுக்கப் போட்ட பஞ்சு நனைந்திருந்தால் அதையும் நனைந்த பலகையையும் அன்றே எடுத்துவிடுங்கள். ஓரிரு நாளில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும்.

நெல்லிமரம்:

இதை எழுதத் தயங்கினேன். ஆனாலும் ஒருவராவது படித்து நின்றுவிட மாட்டாரா என்றுதான் எழுதுகிறேன்.

எங்களுடையது பழைய சிமென்ட் ஷீட் கூரை. புயலுக்கு மறுநாள் விரிசலை அடைக்க என் தம்பி ஏறினான். மெலிந்த உடம்புக்காரன், பழகியவனும்கூட. முதல் இரண்டு அடி போல்ட் வரிசைமேலேயே வைத்தான். மூன்றாவது அடி தவறி நடுவில் விழுந்தது. ஷீட்டில் பாசி படர்ந்து ஈரமாக இருந்தது. 'பட்' என்று ஒரே ஒரு சத்தம்தான் கேட்டது. உள்ளே விழுந்தான். குதிகால் எலும்பு நொறுங்கி ஐந்து மாதம் நடக்கவில்லை.

அந்த வகை ஷீட் வயதாக ஆக உள்ளுக்குள் இற்றுப்போகும், பார்வைக்குத் தெரியாது. அதன்மேல் காலை வைக்கவே கூடாது. போயே ஆக வேண்டுமென்றால், அடியில் இருக்கும் சட்டங்கள்மீது குறுக்காக அகலப் பலகை போட்டு அதன்மேல்தான் நகர வேண்டும். அதுவும் கூரை காய்ந்த பிறகு, இடுப்பில் கயிற்றுடன், கீழே ஒருவர் நிற்க. இன்னொன்று: பழைய சிமென்ட் ஷீட்டுகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும். அதன் தூசி நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் வரலாம். உடைந்த துண்டுகளை நாங்கள் முதலில் துடைப்பத்தால் பெருக்கினோம், தெரியாமல் செய்த பெரிய தவறு. தண்ணீர் தெளித்து, முகக்கவசம் போட்டு, மேலும் உடைக்காமல் எடுத்து, தடித்த பிளாஸ்டிக்கில் கட்டி வைக்க வேண்டும் என்று பிறகு சொன்னார்கள்.

கூரை ஒரு வாரம் ஒழுகினால் ஒழுகட்டும். ஏறாதீர்கள்.

கிழக்குவாசல்:

சகோதரி, உங்கள் தம்பி இப்போது நலமா? படித்ததும் மனம் பதறியது. நாங்களும் அப்படித்தான் மறுநாளே ஏறத் துடித்தோம்.

எங்கள் அனுபவம் தார்ப்பாய் பற்றியது. ஓட்டை இருந்த இடத்தின்மேல் தார்ப்பாயை விரித்து, நான்கு பக்கமும் செங்கல் வைத்தோம். இரவில் மழை, கூடவே காற்று. பாய் படபடவென்று அடித்துக்கொண்ட சத்தத்தில் யாரும் தூங்கவில்லை. விடிவதற்குள் இரண்டு செங்கல் உருண்டு கீழே விழுந்திருந்தன. அவற்றில் ஒன்று வழியில் நல்ல ஓடு ஒன்றையும் உடைத்துவிட்டது. அந்த நேரத்தில் வாசலில் யாராவது நின்றிருந்தால் என்னவாகியிருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். பாய் பறக்காத இடத்திலும் ஒழுகல் நிற்கவில்லை. காரணம் எளிது. பாயின் மேல்விளிம்பு சரிவின் நடுவில் நின்றது. முகட்டிலிருந்து இறங்கிய தண்ணீர் நேராக அந்த விளிம்புக்கு அடியில் புகுந்துவிட்டது.

இரண்டாம் முறை ஒரு தச்சர் வந்து சரியாகச் செய்து கொடுத்தார். பாயை முகட்டைத் தாண்டி மறுபக்கச் சரிவில் ஒரு மீட்டருக்குமேல் இறக்கினார். கீழ்ப்பக்கம் கூரை விளிம்புவரை கொண்டுவந்தார். ஓரங்களை ரீப்பர் எனும் மெல்லிய நீளக் கட்டையில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, கட்டையோடு சேர்த்துச் சட்டத்தில் திருகினார். பாயில் நேரடியாக ஆணி அடித்தால் அந்த இடத்திலேயே கிழியும். கட்டையில் சுற்றினால் இழுவை ஓரம் முழுக்கப் பரவிவிடுகிறது. தொய்வே இல்லாமல் இழுத்திருந்ததால் படபடப்பும் இல்லை, தண்ணீர் தேங்கவும் இல்லை. அந்தப் பாய் இரண்டு மாதம் தாங்கியது. வெயிலில் பாய் நைந்துபோகும் என்பதால் அதை நிரந்தரம் என்று நினைத்துவிட வேண்டாம்.

மேல்தளம்:

கான்கிரீட் தளம் வைத்திருப்பவர்கள் நமக்கென்ன என்று இருந்துவிடுகிறோம். நானும் இருந்தேன். காற்று உதிர்த்த இலையும் குச்சியும் மழைநீர்க் குழாயின் வாயை அடைத்துவிட்டன. காலையில் மாடிக் கதவைத் திறந்தால் கணுக்காலுக்குமேல் தண்ணீர். 10 சென்டிமீட்டர் ஆழம் நின்றால் ஒரு சதுர மீட்டருக்கு 100 கிலோ. 1,000 சதுர அடித் தளத்தில் அது 9 டன்னைத் தாண்டும். கைவிட்டுத் துழாவி, ஒரு பிடி இலையை இழுத்தேன். சுழித்துக்கொண்டு தண்ணீர் இறங்கிய அந்த ஒலியைக் கேட்ட பிறகுதான் மூச்சு வந்தது.

தண்ணீர் வடிந்ததும் எதுவும் பூசாமல் இரண்டு நாள் காயவிட்டேன். தளம் காயும்போது விரிசல் உள்ள இடம் மட்டும் கடைசிவரை கருத்த கோடாக ஈரம் காட்டும். அப்படித்தான் கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலையில் மயிரிழை விரிசல் ஒன்று அகப்பட்டது. அதைச் சாதாரணமாக விட்டால் உள்ளே கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அடியிலிருந்து பூச்சு பெயர்ந்து விழும். பூசிய பிறகு அந்த மூலையில் சிறு வரப்பு கட்டி ஒரு நாள் தண்ணீர் நிறுத்திப் பார்த்துத்தான் திருப்தியடைந்தேன்.

மாடியில் பிளாஸ்டிக் தொட்டி இருந்தால் புயலுக்கு முன்பே நிரப்பிவிடுங்கள். எங்கள் பக்கத்து வீட்டுக் காலித்தொட்டி குழாயைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது.

பழையபெட்டி:

நீங்கள் எல்லோரும் கூரையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் காகிதத்தைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் நான் கோட்டைவிட்டது அங்கேதான். புயலடித்த மறுநாளே உடைந்ததையெல்லாம் அள்ளிக் கொட்டிவிட்டு வீட்டைச் சுத்தம் செய்தேன். காப்பீட்டு மதிப்பீட்டாளர் வந்தபோது காட்ட ஒன்றுமில்லை. "இது பழைய ஒழுகல் இல்லை என்று எப்படி நம்புவது?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

இப்போது ஆண்டுக்கு ஒருமுறை, நல்ல வெயில் நாளில், கூரையை நான்கு பக்கமும் தரையிலிருந்தே படம் எடுத்துவைக்கிறேன். சேதம் வந்தால் முதலில் தூரத்திலிருந்து, பிறகு அருகிலிருந்து, பிறகு அறைக்குள் கறையையும் சேர்த்துப் படம். உடைந்த துண்டுகளில் சிலவற்றைப் பார்வையிடும்வரை வைத்திருக்கிறேன். தார்ப்பாய் வாங்கிய ரசீதையும் வைத்திருக்கிறேன். அதற்காக மதிப்பீட்டாளர் வரும்வரை மழையை உள்ளே விட வேண்டியதில்லை. படம் எடுத்துவிட்டு உடனே மூடுங்கள்.

புயல் முடிந்த வாரத்தில் வாசலுக்கு வந்து "உங்கள் கூரை மொத்தமும் போய்விட்டது, முழுப்பணத்தையும் இப்போதே கொடுங்கள்" என்று அவசரப்படுத்துபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். எந்த இடம், என்ன பழுது என்று படத்தில் காட்டச் சொல்லுங்கள். இன்னொருவரையும் பார்க்கச் சொன்ன பிறகு கையெழுத்துப் போடலாம்.

கைமரம்:

எல்லோருக்கும் நன்றி. நெல்லிமரம் எழுதியதைப் படித்த பிறகு நானே ஏறும் எண்ணத்தைக் கைவிட்டு, ஓட்டு வேலை தெரிந்த ஒரு பெரியவரை அழைத்தேன். கூரை காய்ந்ததும் அவர் முகட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சுத்தியல் காம்பால் ஒவ்வோர் ஓடாகத் தட்டிக்கொண்டே போனார். நான் கீழே காகிதத்தோடு நின்றேன். நல்ல ஓடு மணிபோலக் கணீரென்றது. விரிசல் விட்டதும் பிடிப்பு விட்டதும் மந்தமாக ஒலித்தன. அப்படி ஒலித்தவற்றில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டார். 31 முகட்டோடுகளில் 11 கோடுகள். நாளைக் காலை சாந்து குழைக்கிறோம்.