ஹார்லோவின் குரங்குகள்: நியாயம் உண்டா?

செழியன்:
அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஹாரி ஹார்லோ ரீசஸ் குரங்குக் குட்டிகளை வைத்து நடத்திய ஆய்வுகளைத் திட்டுவது இன்று வாடிக்கையாகிவிட்டது. அதற்கு முன் நிலைமை என்ன? குழந்தையைக் கொஞ்சாதீர்கள், காலையில் கை குலுக்குங்கள் என்று 1928இல் பெற்றோருக்குப் புத்தி சொன்னார் உளவியலாளர் ஜான் வாட்சன். குழந்தை தாயை ஒட்டிக்கொள்வது பாலுக்காகத்தான் என்று பெரிய பெரிய உளவியலாளர்களே நம்பினார்கள். ஹார்லோ இரண்டு பொம்மைத் தாய்களைச் செய்தார். பால்புட்டியோடு ஒரு கம்பி வலைத் தாய், பால் இல்லாமல் ஒரு துணித் தாய். குட்டிகள் கம்பியிடம் பசியாறியதும் துணிக்குத் தாவின. நாளின் பெரும்பகுதி அதைக் கட்டிக்கொண்டே கிடந்தன. 1958இல் அவர் இதை வெளியிட்டபிறகு பால் வாதம் எடுபடவில்லை.

தூக்கணாங்குருவி:
1958லேயே கதையை நிறுத்திவிட்டீர்களே, செழியன்! பிறகு குட்டிகளை மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் என்று தனியாக அடைத்தார். வெளியே வந்தவை தம்மையே கட்டிக்கொண்டு ஆடின, தம் கையையே கடித்தன. அப்படி வளர்ந்த பெண் குரங்குகளுக்கு இணைசேரத் தெரியவில்லை; ஒரு கருவியில் கட்டிப்போட்டுக் கருத்தரிக்க வைத்தார். அந்தக் கருவிக்கு அவர் வைத்த பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. ஈன்ற பிறகு சில தாய்கள் குட்டியின் முகத்தைத் தரையில் வைத்துத் தேய்த்தன. அதற்கும் பிறகு, சரிவான எஃகுச் சுவர் கொண்ட குழி. குட்டி ஓரிரு நாள் ஏறிப் பார்க்கும், வழுக்கி விழும், பிறகு அடியில் சுருண்டுவிடும். மனச்சோர்வு வருகிறதா என்று பார்த்தார்களாம். வராமல்?

தாயைப் பிரிந்த குழந்தைகளின் மனநலம் பற்றி மனநல மருத்துவர் ஜான் போல்பி உலக சுகாதார நிறுவனத்துக்கு அறிக்கை கொடுத்தது 1951இல். ஹார்லோ வந்துதான் தெரியவேண்டும் என்றில்லை.

செழியன்:
போல்பியின் சான்றுகளில் பெரும்பகுதி காப்பகக் குழந்தைகளைப் பற்றியது. அங்கே நோய், உணவு, ஆள் பற்றாக்குறை எல்லாம் கலந்து கிடக்கும். எது காரணம் என்று யார் பிரிப்பது? போல்பியே பின்னால் ஹார்லோவைச் சான்றாகக் காட்டினார். இன்னொன்று: ஆறு மாதம் தனிமையில் இருந்த குரங்குகளோடு மூன்று மாத வயதுக் குட்டிகளைச் சேர்த்துவிட்டபோது, தனிமையில் இருந்தவை பெருமளவு தேறின. 1972இல் ஹார்லோவும் அவர் மாணவர் சுவோமியும் காட்டியது இது. பாழான பிள்ளைப்பருவத்துக்கு மீட்சியே இல்லை என்ற எண்ணம் ஆட்டம் கண்டது.

தூக்கணாங்குருவி:
காலை உடைத்தவனே கட்டும் போட்டான், அவனுக்கு மாலை போடுங்கள்.

மீனாள்:
கல்லூரியில் உளவியல் எடுக்கிறேன். உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராமையும் கொண்டுவருகிறேன். 1961இல் யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வு. மேலிருந்து வரும் கட்டளைக்கு மனிதர் எவ்வளவு தூரம் கீழ்ப்படிவார் என்று பார்க்க, அடுத்த அறையில் இருப்பவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கச் சொன்னார்கள். முதல் சுற்றில் 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள். அதிர்ச்சி பொய். ஆனால் அவர்கள் வியர்த்ததும் நடுங்கியதும் மெய். 1964இல் உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் இதைக் கண்டித்து எழுதினார். மில்கிராமின் பதில்: தபாலில் கேட்டோம், 84 சதவீதம் பேர் கலந்துகொண்டதில் மகிழ்ச்சி என்றார்கள். அந்தப் பதிலை நான் முழுதாக நம்புவதில்லை. ஆய்வாளர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியவர்கள் ஆயிற்றே! இருந்தாலும் பாதியில் எழுந்து போக அவர்களுக்குக் கதவு இருந்தது, சிலர் போகவும் செய்தார்கள். 2009இல் ஜெர்ரி பர்கர் என்ற உளவியலாளர் 150 வோல்ட்டோடு நிறுத்தி அதே ஆய்வைச் செய்தார், கிட்டத்தட்ட அதே விடை. இன்னும் மென்மையாகச் செய்யும் வழியை ஹார்லோ தேடினாரா என்பதுதான் என் கேள்வி.

செழியன்:
குழிக்காக நான் வாதாட வரவில்லை. துணித் தாய் ஆய்வை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தூக்கணாங்குருவி:
அந்தத் துணித் தாயைக் கட்டிக்கொண்ட குட்டிகளையும் பிறந்த சில மணி நேரத்திலேயே தாயிடமிருந்து பிரித்தார்கள். அதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?