முதுகு வளையாமல் கொத்த எந்த மண்வெட்டி நல்லது?

அண்ணன்மார்களே, அக்காமார்களே, ஒரு யோசனை சொல்லுங்கள். வத்தலக்குண்டு பக்கம் எங்களுக்குப் பத்து சென்ட் மல்லிகை இருக்கிறது. செம்மண், நாலு நாள் வெயில் அடித்தால் கல்லாக இறுகிவிடும். கொத்துவது அம்மாதான். மண்வெட்டிக் காம்பு இரண்டடிதான், குனிந்தே வெட்ட வேண்டும். நேற்று ஒரு பாத்தி முடித்ததும் தொடையில் கையை ஊன்றி ஊன்றித்தான் நிமிர்ந்தார். பார்க்கப் பொறுக்கவில்லை. தொழிலாளர்களின் முதுகு கெடுகிறது என்று கலிபோர்னியாவில் 1975-லேயே குட்டைக் காம்புக் கொத்தைத் தடை செய்துவிட்டார்கள்.

சரி என்று நாலடிக் காம்பு மாட்டிப் பார்த்தேன். மண்வெட்டியின் இலை, அதாவது வெட்டும் தகடு, மண்ணில் இறங்காமல் மேலாகச் சுரண்டிக்கொண்டு வருகிறது. காம்புக்கும் இலைக்கும் உள்ள கோணத்தை விரிக்க வேண்டும் போல. பட்டறையில் சொல்லி யாராவது அப்படிச் செய்திருக்கிறீர்களா? எவ்வளவு விரித்தால் சரியாக இறங்கும்?

களைக்கு மட்டும் என்றால் தள்ளிக்கொண்டே போகும் சைக்கிள் வீடர் போதுமா, இறுகிய செம்மண்ணில் ஓடுமா? காலால் மிதித்து இறக்கும் நாலு பல் முள்கொத்தும் பார்த்தேன். ஆனால் அம்மா வெறுங்காலோடுதான் தோட்டத்தில் நிற்பார், அதுதான் தயக்கம். அம்மாவின் உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. அப்புறம், எடை குறைவாகவும் இருக்க வேண்டும். பயன்படுத்தியவர்கள் காம்பின் நீளத்தோடு சொன்னால் பெரிய உதவி.